மேக்ரோ எங்கே நிற்கும்? ஐந்து எடிட்டர்கள், ஒரே வேலை

உரையும் கோடும் எழுதும் எடிட்டர்களின் மேக்ரோ வசதியை, அதாவது தட்டும் விசைகளைப் பதிவுசெய்து திரும்ப ஓட்டுவதைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன: ரெக்கார்டை அழுத்து, தட்டு, நிறுத்து, ஓட்டு. இந்த நான்கு படிகளில் எந்த எடிட்டரும் சோடைபோவதில்லை. வித்தியாசம் தெரிவது அதற்குப் பிறகு. எதிர்பாராத வடிவில் ஒரு வரி வந்தால் மேக்ரோ நிற்கிறதா, தப்பும் தவறுமாகத் தொடர்ந்து ஓடிவிடுகிறதா? ரெக்கார்டு செய்த நாற்பது விசைகளில் ஒன்று பிழை என்றால் அந்த ஒன்றை மட்டும் திருத்த முடிகிறதா, முதலிலிருந்து தட்ட வேண்டியிருக்கிறதா? ஒரு மேக்ரோ வசதி உருப்படியா இல்லையா என்பதை இந்த இரண்டு கேள்விகள்தான் தீர்மானிக்கின்றன. ஐந்து எடிட்டர்களையும் இங்கே இதை வைத்தே எடைபோடுகிறோம்.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது ஒரு சாதாரண வேலை. தமிழ்நாட்டின் 38 மாவட்டத் தலைநகரங்கள், வரிக்கு ஒன்றாக, கமா போட்டுப் பின்கோடோடு இருக்கின்றன.

மதுரை,625001
சேலம்,636001
தஞ்சாவூர்,613001

இவற்றை டேட்டாபேஸில் ஏற்ற எஸ்க்யூஎல் இன்சர்ட்டுக்கு (டேட்டாபேஸில் வரிகளைச் சேர்க்கும் கட்டளை) ஏற்ற வடிவில் மாற்ற வேண்டும்:

('மதுரை', '625001'),
('சேலம்', '636001'),
('தஞ்சாவூர்', '613001'),

கடைசி வரியில் மிஞ்சும் கமாவை மட்டும் கையால் அரைப்புள்ளியாக்கிக்கொள்ளலாம். அதற்காக மேக்ரோவைச் சிக்கலாக்குவது வீண். எக்செல்லிலிருந்து வரும் கோப்புகளில் வழக்கமாக இருக்கும் இரண்டு குறைகளையும் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறோம். நடுவே ஒரு வெற்று வரி. இன்னொரு வரியில் கமாவுக்குப் பதிலாக வெறும் இடைவெளி: திருநெல்வேலி 627001.

இதற்கு மேக்ரோவே தேவையில்லை, ஒரு ரெகெக்ஸ் (எழுத்துகளின் வடிவத்தை வைத்துத் தேடும் குறியீடு) போதும் என்று சொல்பவர்கள் சொல்வது சரி. தேடும் பெட்டியில் ^([^,]+),(.+)$ என்றும் மாற்றும் பெட்டியில் ('\1', '\2'), என்றும் கொடுத்தால் வேலை முடிந்தது. வரியின் வடிவம் ஒரே பேட்டர்னில் அடங்கினால் ரெகெக்ஸ்தான் வேகம். மேக்ரோவுக்கு வேலை வருவது வேறு இடத்தில்: ஒரு நெடுவரிசையின் பெயரை எடுத்து, கோப்பின் வேறு பகுதிக்குப் போய், அதை இரண்டு இடத்தில் ஒட்டி, ஒன்றில் முதல் எழுத்தைப் பெரிதாக்கி, பழைய இடத்துக்குத் திரும்பி, அடுத்த நெடுவரிசைக்கு நகர்வது போன்ற பல படி வேலைகள். பின்கோடு பட்டியலை எடுத்ததற்குக் காரணம், அதில் ஒவ்வொரு எடிட்டரும் எங்கே வழுக்குகிறது என்பது பளிச்சென்று தெரியும் என்பதுதான்.

நோட்பேட்++

2003-இல் வந்த இந்த இலவச எடிட்டர் விண்டோஸ் அலுவலகங்களில் அனேகமாக எல்லாக் கணினியிலும் இருக்கிறது. மேக்ரோ என்று தனி மெனுவே உண்டு. ரெக்கார்டிங்கைத் தொடங்கி, வேலையைச் செய்து, நிறுத்தி, கண்ட்ரோல் ஷிஃப்ட் பி அழுத்தினால் மறுபடி ஓடும். அதே மெனுவில் பலமுறை ஓட்டும் வசதியும் இருக்கிறது: எத்தனை முறை என்று எண் கொடுக்கலாம், இல்லையென்றால் கோப்பின் கடைசி வரை ஓட்டச் சொல்லலாம். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட எளிய வழி கிடையாது.

ரெக்கார்டு செய்யும்போது மவுஸைத் தொடக் கூடாது. மவுஸால் கர்சரை நகர்த்தினால் அந்த நகர்வு மேக்ரோவில் சேராது. பிறகு தட்டுவது மட்டும் சேரும். மேக்ரோ ஓடும்போது எழுத்துகள் வேறெங்கோ போய் விழுவதற்கு முதல் காரணம் இதுதான். ஹோம், எண்ட், அம்பு விசைகள் மட்டும் போதும். ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் கீழ் அம்பு, ஹோம் இரண்டையும் அழுத்தி அடுத்த வரியின் தொடக்கத்துக்கு வந்துவிட வேண்டும்.

நடுவிலிருக்கும் கமாவுக்குப் போக அம்பு விசையை எண்ணி அழுத்துவது உதவாது, ஊர்ப் பெயர்களின் நீளம் வேறு வேறு. கண்ட்ரோல் எஃப் திறந்து கமாவைத் தேட வேண்டும். அந்தத் தேடலும் மேக்ரோவில் பதிவாகும். இங்கேதான் இரண்டு கோளாறுகள். முதலாவது, தேடல் பெட்டியில் கோப்பின் முடிவில் மறுபடி மேலிருந்து தேடும் வ்ராப் அரவுண்ட் தேர்வு செய்யப்பட்டிருந்தால் அதுவும் சேர்ந்தே பதிவாகும். கடைசி வரி முடிந்ததும் தேடல் முதல் வரிக்குத் தாவி, ஏற்கெனவே மாற்றிய வரியை மறுபடி மாற்றும். ரெக்கார்டு செய்வதற்கு முன் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். இரண்டாவது கோளாறு இதைவிடப் பெரியது. தேடியது கிடைக்காவிட்டாலும் மேக்ரோ நிற்பதில்லை. அடுத்த அடுத்த படிகளை அப்படியே செய்துகொண்டு போகும். கமாவுக்குப் பதிலாக விழ வேண்டிய மேற்கோள்கள் கர்சர் இருக்கும் இடத்தில் விழும். முதல் கேள்விக்கு நோட்பேட்++ தரும் பதில் இது, மதிப்பெண் குறைவுதான்.

ஆகவே ஓட்டுவதற்கு முன்பே குறையுள்ள வரிகளைப் பிரித்தெடுப்பது நல்லது. தேடல் பெட்டியின் மார்க் தாவலில் ரெகெக்ஸைத் தேர்ந்தெடுத்து ^[^,]*$ என்று கொடுத்து, புக்மார்க் லைன் டிக்கையும் போட்டால் கமா இல்லாத வரிகள் எல்லாம் ஓரத்தில் குறியோடு நிற்கும். ஒரு எச்சரிக்கை: இந்த எடிட்டரின் ரெகெக்ஸில் [^,] என்பது வரி முறிவையும் விழுங்கும். மேலே சொன்ன மாற்றும் ரெகெக்ஸை இங்கே அப்படியே போட்டால், வெற்று வரியும் அதற்கடுத்த வரியும் சேர்ந்து ஒரே ஊர்ப் பெயராகிவிடும். அடைப்புக்குள் கமாவுக்குப் பக்கத்தில் பேக்ஸ்லாஷ் ஆர், பேக்ஸ்லாஷ் என் இரண்டையும் சேர்க்க வேண்டும். மாற்றும் பெட்டியில் ( ) குறிகளுக்கு முன்னாலும் ஒரு பேக்ஸ்லாஷ் வேண்டும், இல்லையென்றால் அவை விழாது.

ரெக்கார்டு செய்ததைச் சேமிக்காமல் அடுத்த ரெக்கார்டிங்கைத் தொடங்கினால் பழையது போய்விடும். மெனுவிலேயே பெயரும் ஷார்ட்கட்டும் கொடுத்துச் சேமிக்கலாம். சேமித்தவை ஆப்டேட்டா அடியில் நோட்பேட்++ ஃபோல்டரில், ஷார்ட்கட்ஸ் என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கும். அதைத் திறந்து திருத்த முடியும் என்றாலும் படிப்பது சுகமில்லை. தட்டிய ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தனி வரி, எண் 2170, கீழ் அம்புக்கு 2300, இப்படியே போகும். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தலாம், மேக்ரோவின் ஒழுங்கையே மாற்றுவது கடினம். திருத்துவதானால் நோட்பேட்++-ஐ முழுக்க மூடிவிட்டு வேறொரு எடிட்டரில் திறந்து செய்யுங்கள். அது திறந்திருக்கும்போது செய்த மாற்றத்தை மூடும் நேரத்தில் அதுவே மேலெழுதிவிடக்கூடும்.

விம்

1991-இல் பிராம் மோலனார் வெளியிட்ட விம்மில் மேக்ரோ என்பது தனி வசதியே அல்ல. ரெஜிஸ்டரில் (ஒற்றை எழுத்துப் பெயருள்ள சேமிப்பிடம்) இருக்கும் வெறும் எழுத்துக்கோவை. க்யூ அழுத்தி, எந்த ரெஜிஸ்டர் என்று ஒரு எழுத்தைக் கொடுத்தால் ரெக்கார்டிங் தொடங்கும். மறுபடி க்யூ அழுத்தினால் நிற்கும். @ குறியும் அந்த எழுத்தும் சேர்ந்தால் ஓடும். அடுத்த முறைக்கு @@ போதும். முன்னால் எண் கொடுத்தால் அத்தனை முறை. புதியவர்கள் தெரியாமல் க்யூவை அழுத்திவிட்டு, திரையின் அடியில் ரெக்கார்டிங் என்று தெரிவதைப் பார்த்துத் திகைப்பது வழக்கம். இன்னொரு க்யூவை அழுத்தினால் போய்விடும்.

நம் பட்டியலுக்கான விசைகளைப் பலரும் இந்த வரிசையில்தான் தட்டுவார்கள்: வரியின் தொடக்கத்தில் (' போடு, கமாவுக்குப் போ, அதை ', ' என்று மாற்று, கடைசியில் '), போடு, அடுத்த வரி. 38 வரியும் சுத்தமாக இருந்தால் இது ஓடும். கமா இல்லாத வரியில் என்ன ஆகும்? விம்மில் ஒரு கட்டளை தோற்றால் மேக்ரோ அந்த இடத்திலேயே நின்றுவிடும். நல்லதுதான், ஆனால் அதற்குள் (' போட்டாயிற்று, அரைகுறையாக மாறிய வரி ஒன்று மிஞ்சுகிறது. தோற்கக்கூடிய படியை முதலில் வைக்க வேண்டும், மாற்றும் படிகள் எல்லாம் அதற்குப் பின்னால். விம்மில் மேக்ரோ எழுதுவதில் இதைவிட முக்கியமான பழக்கம் வேறில்லை. சரியான வரிசை இது:

க்யூ, க்யூ: க்யூ ரெஜிஸ்டரில் ரெக்கார்டிங் தொடங்கும்
0: வரியின் தொடக்கம்
எஃப், கமா: இந்த வரியிலுள்ள முதல் கமாவுக்குப் போ, இல்லையென்றால் இங்கேயே நில்
எஸ், பிறகு ', ' தட்டி எஸ்கேப்: கமாவை மாற்று
பெரிய ஐ, பிறகு (' தட்டி எஸ்கேப்: வரியின் முன்னால் சேர்
பெரிய ஏ, பிறகு '), தட்டி எஸ்கேப்: வரியின் பின்னால் சேர்
ஜே: அடுத்த வரி
க்யூ: நிறுத்து

பிறகு 100 என்று எண் கொடுத்து @ க்யூ அழுத்துங்கள். 37-தான் தேவை என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். கடைசி வரியில் ஜே தோற்கும், மேக்ரோ தானே நிற்கும். நடுவில் வெற்று வரியில் எஃப் தோற்று, அந்த வரியைத் தொடாமலே நிற்கும். வரியைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டலாம். எஃப் தேடுவது அந்த ஒரு வரிக்குள் மட்டும் என்பதைக் கவனியுங்கள். கமாவைச் சாய்கோடு போட்டுத் தேடினால் அடுத்த வரிக்குத் தாவிவிடும். இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

ஒவ்வொரு குறையிலும் நிற்காமல் நல்ல வரிகளை எல்லாம் ஒரே மூச்சில் முடிக்க வேண்டுமென்றால், கோலன் போட்டு 2,$ என்று வரம்பு கொடுத்து, நார்மல் கட்டளையோடு @ க்யூ சேருங்கள். அப்போது ஒவ்வொரு வரியும் தனித்தனி ஓட்டம். ஒன்றில் தோற்றால் அது மட்டும் விடுபடும், மற்றவை நடக்கும். வரம்பு 2-இலிருந்து தொடங்குவது முக்கியம். ரெக்கார்டு செய்யும்போதே முதல் வரி மாறிவிட்டது, அதிலும் கமா இருக்கிறது. மறுபடி ஓட்டினால் இரட்டை மேற்கோள் வேலையாகிவிடும். விடுபட்ட வரிகளைப் பிறகு பார்க்க, கோலன், வி, /^('/ என்று கொடுத்தால் (' என்று தொடங்காத வரிகள் மட்டும் வரும்.

திருத்துவதில்தான் விம் மற்ற எல்லாவற்றையும் தாண்டிப் போகிறது. கோலன் போட்டு புட் க்யூ என்று கொடுத்தால் மேக்ரோ உங்கள் கோப்பிலேயே ஒரு வரியாக வந்து விழும். எஸ்கேப் அழுத்திய இடங்களில் ^[ என்று தெரியும், பார்க்க இரண்டு எழுத்து, உண்மையில் ஒன்று. புதிதாக ஒரு எஸ்கேப் சேர்க்க கண்ட்ரோல் வி அழுத்திவிட்டு எஸ்கேப்பை அழுத்த வேண்டும். விண்டோஸில் கண்ட்ரோல் வி ஒட்டுவதற்கென்று மாற்றப்பட்டிருந்தால் கண்ட்ரோல் க்யூ. திருத்தி முடித்ததும் 0 அழுத்தி, இரட்டை மேற்கோள், க்யூ, ஒய், $ என்ற வரிசையில் திருப்பி ரெஜிஸ்டருக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே முழு வரியையும் எடுக்கும் ஒய் ஒய் போட்டால் வரி முறிவும் கூடவே உள்ளே போகும். மேக்ரோ ஒவ்வொரு முறையும் ஒரு வரி கூடுதலாக இறங்கும், ஒன்று விட்டு ஒரு வரிதான் மாறும். மேக்ரோவைத் திருத்தினேன், பாதி வரி விடுபடுகிறது என்ற புலம்பலுக்குக் காரணம் அனேகமாக இதுவே. கடைசியில் ஒரு படி மட்டும் சேர்க்க வேண்டுமானால் திருத்தவே வேண்டாம். க்யூ அழுத்தி, ரெஜிஸ்டர் எழுத்தைப் பெரிய எழுத்தாகக் கொடுத்தால் பழையதன் பின்னால் ஒட்டிக்கொள்ளும்.

வரிசை எண் போடும் வேலைகளுக்குக் கண்ட்ரோல் ஏ இருக்கிறது. கர்சரின் கீழோ வலப்பக்கமோ உள்ள எண்ணை ஒன்று கூட்டும். இதில் இரண்டு பொறிகள். முன்னால் சுழியம் உள்ள 007 போன்ற எண்ணை எட்டடிமான எண் (0 முதல் 7 வரை இலக்கங்கள் மட்டும் உள்ளது) என்று எடுத்துக்கொண்டு 010 ஆக்கிவிடும். விம்மோடு வரும் இயல்பு அமைப்புக் கோப்பு இதை அணைத்து வைத்திருக்கிறது. ஆனால் நீங்கள் சொந்தமாக ஒரு விம்ஆர்சி (விம்மின் அமைப்புக் கோப்பு) எழுதிய நொடியிலிருந்து அந்த இயல்புக் கோப்பு ஏறாது, எட்டடிமானம் திரும்பி வந்துவிடும். விம்மிலிருந்து பிரிந்த நியோவிம்மில் இந்தத் தொல்லை இல்லை. அடுத்த பொறி இணைப்புக் கோடு: பகுதி-7 என்பதில் 7-ஐக் குறை எண்ணாகப் பார்த்து, கூட்டச் சொன்னால் பகுதி-6 ஆக்கும். 1, 2, 3 என்று ஏறும் எண்கள் மட்டும் தேவையென்றால் மேக்ரோவை விட்டுவிட்டு, எல்லா வரியிலும் 0 போட்டு, அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, ஜி, கண்ட்ரோல் ஏ அழுத்துங்கள். 1-இலிருந்து வரிசையாக ஏறும்.

ஆட்டோகம்ப்ளீட் ப்ளக்இன்களை நம்பி ரெக்கார்டு செய்யக் கூடாது. தட்டும்போது பட்டியல் தோன்றி டேப் அழுத்தியிருப்பீர்கள். மேக்ரோ ஓடும் வேகத்தில் அந்தப் பட்டியல் தோன்றாது, வெறும் டேப் விழும். முழுச் சொல்லையும் கையால் தட்டுவதே வழி. தமிழில் தட்டுபவர்களுக்கு இன்னொன்று: கணினியின் தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால், எஸ்கேப் அழுத்தியபின் எஃப், ஜே எல்லாம் தமிழ் எழுத்தாகப் போய்ச் சேரும், கட்டளையாக எடுபடாது. தமிழ் எழுத்து தட்டும் படி மேக்ரோவில் இருந்தால், அந்தச் சொல்லை முன்பே வேறொரு ரெஜிஸ்டரில் எடுத்து வைத்து ஒட்டிக்கொள்வது மேல்.

ரெஜிஸ்டர்கள் விம்மை மூடினாலும் மறையாது, விம்இன்ஃபோ கோப்பில் இருக்கும். இயல்பு அமைப்பில் ஒரு ரெஜிஸ்டருக்கு 50 வரி வரைதான் சேமிக்கும், 10 கிலோபைட் தாண்டினால் சேமிக்கவே சேமிக்காது, ஆனால் மேக்ரோ அவ்வளவு நீளம் போகாது. அடிக்கடி தேவைப்படுவதை விம்ஆர்சியில் லெட் கட்டளையால் ரெஜிஸ்டருக்கு நேரடியாகக் கொடுத்து வைப்பது பாதுகாப்பு. இல்லையென்றால் அதே எழுத்தில் வேறெதையோ ரெக்கார்டு செய்யும் நாளில் போய்விடும்.

குறை என்று சொன்னால், விம்மின் அசைவுகள் (கர்சரை நகர்த்தும் விசைகள்) தெரியாதவருக்கு இதில் எதுவும் பயன்படாது. மேக்ரோவுக்காக மட்டும் விம் கற்க வேண்டும் என்று சொல்ல மாட்டோம். ஏற்கெனவே விம்மில் இருந்துகொண்டு மேக்ரோவைத் தொடாதவர்கள்தான் ஏராளம். அவர்கள் இழப்பது அதிகம்.

ஈமேக்ஸ்

1976-இல் எம்ஐடியில், டெகோ என்ற எடிட்டருக்கான மேக்ரோக்களின் தொகுப்பாகத்தான் இது பிறந்தது. அந்தப் பரம்பரை இன்றும் தெரிகிறது. எஃப்3 தொடங்கும், எஃப்4 நிறுத்தும், மறுபடி எஃப்4 ஓட்டும். கண்ட்ரோல் யூ, 0, எஃப்4 என்றால் பிழை வரும் வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

நம் பட்டியலில் இது விம்மிலிருந்து விலகும் இடம் சுவாரசியமானது. கண்ட்ரோல் எஸ் தேடல் வரி எல்லையைப் பார்க்காது. கமா இல்லாத வரியில் தேடினால் அடுத்த வரியின் கமாவுக்குப் போகும். முதலில் (' போட்டுவிட்டுத் தேடியிருந்தால் பாதி இங்கே, பாதி அங்கே. முதலில் கமாவைத் தேடி, என்டர் அழுத்தி, பேக்ஸ்பேஸால் அதை அழித்து, ', ' தட்டி, கண்ட்ரோல் ஏ-யால் வரித் தொடக்கத்துக்கும் கண்ட்ரோல் ஈ-யால் கடைசிக்கும் போய் மற்றதைச் சேர்த்து, கண்ட்ரோல் என், கண்ட்ரோல் ஏ என்று முடித்தால், குறையுள்ள வரிகளைத் தாண்டிக்கொண்டு நல்ல வரிகளை மட்டும் சரியாக மாற்றும். கோப்பின் முடிவில் தேடல் தோற்று நிற்கும். ஆனால் எதைத் தாண்டியது என்று ஒரு வார்த்தை சொல்லாது. விம் நின்று காட்டிக்கொடுக்கிறது, ஈமேக்ஸ் மௌனமாகக் கடந்து போகிறது. டேட்டாபேஸுக்குப் போகும் பட்டியலுக்கு நிற்பதே மேல் என்பது எங்கள் கட்சி.

எண் போடும் வேலையில் ஈமேக்ஸுக்கு இணையில்லை. ரெக்கார்டு செய்துகொண்டிருக்கும்போது எஃப்3-ஐ மறுபடி அழுத்தினால் கவுண்ட்டரின் எண் அங்கே விழுந்து ஒன்று கூடும். இயல்பாக 0-இலிருந்து தொடங்கும்; 1 வேண்டுமென்றால் தொடங்கும்போதே கண்ட்ரோல் யூ, 1, எஃப்3. கண்ட்ரோல் எக்ஸ், கண்ட்ரோல் கே, கண்ட்ரோல் எஃப் அழுத்தி, சதவீதக் குறி, 03, டி என்ற வடிவத்தைக் கொடுத்தால் 001, 002 என்று வரும். எட்டடிமானக் குழப்பம் எதுவும் கிடையாது.

திருத்த கண்ட்ரோல் எக்ஸ், கண்ட்ரோல் கே, கண்ட்ரோல் ஈ. விசைகள் பெயரோடு ஒரு பக்கத்தில் விரியும். மாற்றிவிட்டு கண்ட்ரோல் சி இருமுறை. விம்மின் ^[ குழப்பத்தைவிட இது படிக்க எளிது. இதே குடும்பத்தில் கண்ட்ரோல் எக்ஸ், கண்ட்ரோல் கே, எல் என்று ஒன்று இருக்கிறது. ரெக்கார்டை அழுத்தவே மறந்துவிட்டு வேலையைச் செய்து முடித்திருந்தாலும், கடைசியாக அழுத்திய 300 விசைகளையும் எடுத்து முன்னால் வைக்கும். வேண்டாததை வெட்டிவிட்டால் மேக்ரோ தயார். மற்ற நான்கு எடிட்டர்களிலும் இப்படி ஒன்று இல்லை. நிரந்தரமாக வைக்க கண்ட்ரோல் எக்ஸ், கண்ட்ரோல் கே, என் அழுத்திப் பெயர் கொடுத்து, இன்சர்ட் கேபிடி மேக்ரோ கட்டளையால் தொடக்கக் கோப்பில் எழுதிக்கொள்ளலாம்.

சப்லைம் டெக்ஸ்ட்

கண்ட்ரோல் க்யூ தொடங்கும், நிறுத்தும். கண்ட்ரோல் ஷிஃப்ட் க்யூ ஓட்டும். சேமித்தால் ஜேசான் என்ற உரை வடிவக் கோப்பாக வரும், படிக்கவும் திருத்தவும் நன்றாகவே இருக்கும். ஆனால் தேடல் பெட்டியில் செய்வது எதுவும் மேக்ரோவில் பதிவாவதில்லை. எழுத்தை மாற்றும் கட்டளைகள் மட்டும் சேரும், ஜன்னல் சார்ந்தவை சேராது. கமாவைத் தேடிப் போக முடியாத மேக்ரோ நம் வேலைக்கு எதற்கு? சொல் சொல்லாக நகரும் விசையை வைத்துச் சமாளிக்கலாம். ஊர்ப் பெயரில் ஒரு இடைவெளி வந்தால் அதுவும் கணக்குத் தப்பும். அடைப்பையும் மேற்கோளையும் தானே மூடும் ஆட்டோ மேட்ச் அமைப்பையும் அணைத்தாக வேண்டும். இதன் மல்டி கர்சர், அதாவது பல இடங்களில் ஒரே சமயம் தட்டும் வசதி, அருமையானது, அதைப் பயன்படுத்துங்கள். மேக்ரோவுக்காகக் காசு கொடுத்து உரிமம் வாங்கத் தேவையில்லை.

விஎஸ் கோட்

இன்று அதிகம் பேர் பயன்படுத்தும் எடிட்டரில் மேக்ரோ ரெக்கார்டரே இல்லை. கிட்ஹப்பில் 2016 முதலே கோரிக்கை இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டுக்கு இது புதிதும் அல்ல. பெரிய அண்ணனான விஷுவல் ஸ்டுடியோவில் இருந்த மேக்ரோ வசதியை 2012 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். மார்க்கெட்பிளேஸில் மேக்ரோ எக்ஸ்டென்ஷன்கள் கிடைக்கின்றன, ஆனால் எடிட்டர் தட்டுவதை எல்லாம் வெளியாருக்குத் திறந்து காட்டுவதில்லை என்பதால் அவை எல்லா விசையையும் பிடிப்பதில்லை.

அதற்குப் பதில் மூன்று மாற்றுகள். முதலாவது மல்டி கர்சர். நம் பட்டியலில் ஒரு கமாவைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் ஷிஃப்ட் எல் அழுத்தினால் எல்லாக் கமாவிலும் கர்சர் நிற்கும். ', ' தட்டு, ஹோம், (' தட்டு, எண்ட், '), தட்டு. வேலை முடிந்தது. கமா இல்லாத வரியில் கர்சரே போகாது, ஆகவே அது தொடாமல் இருக்கும். ஒரே வரியில் இரண்டு கமா இருந்தால்தான் வம்பு. மாற்றம் நடக்கும்போதே எல்லா வரியும் கண்ணெதிரே தெரிவது மேக்ரோவில் கிடைக்காத வசதி. இயல்பு அமைப்பில் 10,000 கர்சர் வரை போகும்.

இரண்டாவது ரன் கமாண்ட்ஸ். 2023 மார்ச்சில் வந்த 1.77 பதிப்பிலிருந்து, கீபைண்டிங்ஸ் ஜேசானில் ஒரே விசைக்குப் பல கட்டளைகளை வரிசையாகக் கட்டலாம். வரியை நகலெடு, கீழே ஒட்டு, முன்னதைக் கமெண்ட் ஆக்கு என்பது போன்ற நிலையான மூன்று நான்கு படிகளுக்கு நன்றாக உதவும்.

மூன்றாவது ஸ்னிப்பெட், சுருக்கப் பெயரைத் தட்டினால் விரியும் வார்ப்புரு. அதுதான் இந்த எடிட்டரின் உண்மையான பலம். தினமும் தட்டும் லூப், டெஸ்ட் ஃபங்ஷன், உரிமக் குறிப்பு எல்லாவற்றுக்கும் மேக்ரோவைவிட இதுதான் பொருத்தம். ஒரு சுருக்கப் பெயர், வரிக்கு ஒரு மேற்கோளாக உள்ளடக்கம், $1, $2 என்று நிறுத்தங்கள், கடைசியில் கர்சர் நிற்க $0. $1-ஐ இரண்டு இடத்தில் போட்டால் ஒன்றில் தட்டுவது மற்றதிலும் விழும். கோப்பின் பெயரைத் தானே எடுத்துப் போடும் மாறிகளும் உண்டு, அதன் முதல் எழுத்தை ரெகெக்ஸால் பெரிதாக்கவும் முடியும். பிஎச்பி எழுதுபவர்கள் கவனிக்க: மாறியின் முன்னால் வரும் $ குறியை ஸ்னிப்பெட் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும். முன்னால் பேக்ஸ்லாஷ் வேண்டும். ஜேசானுக்குள் இருப்பதால் அது இரண்டு பேக்ஸ்லாஷ். மார்க்டவுன் கோப்பில் ஸ்னிப்பெட் தோன்றவில்லை என்றால் அது உங்கள் பிழை அல்ல. அங்கே பரிந்துரைப் பட்டியல் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது, கண்ட்ரோல் ஸ்பேஸ் அழுத்தினால் வரும். குழுவுக்கே பொதுவானவற்றை புராஜெக்ட்டின் விஎஸ்கோட் ஃபோல்டரில் வைத்து கிட்டில் (கோப்புகளின் பதிப்புகளைக் காக்கும் கருவி) ஏற்றிவிட்டால், புராஜெக்ட்டை எடுப்பவர்கள் எல்லோருக்கும் தானே கிடைத்துவிடும்.

விம்மின் க்யூ ரெக்கார்டிங்கைத் தரும் விம் எக்ஸ்டென்ஷனும் இங்கே உண்டு. சில பத்து வரிகளுக்குச் சரி. ஆயிரக்கணக்கான வரிகளில் ஓட்டினால் மந்தமாகும். அப்போது கோப்பைச் சேமித்துவிட்டு, கீழேயுள்ள டெர்மினலில் உண்மையான விம்மிலேயே அதைத் திறந்து ஓட்டிக்கொள்ளலாம். அங்கே சேமித்து மூடியதும் விஎஸ் கோட் புதிய வடிவைத் தானே ஏற்றிக்கொள்ளும், இந்தப் பக்கம் சேமிக்காத மாற்றம் எதுவும் மிச்சமில்லாத வரை.